பிளேஸ்டேஷனை வெளியே தூக்கி வைப்பதற்கு முன்: எங்கள் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், இளைஞர் அணியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷனை மண்டபத்திலிருந்து எடுத்துவிடுவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. மாதம் பாதி போவதற்குள் மண்டபத்து வைஃபையின் மொபைல் டேட்டா தீர்ந்துவிடுகிறது, பொருளாளர் மறுபடி மறுபடி டாப்-அப் போடவேண்டியிருக்கிறது, பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்குச் சங்கப் பணமா என்பது குழுவின் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் பழி தவறான ஆள்மேல் விழுகிறது. மண்டபத்து ஒலிபெருக்கியையும் டிவியையும் பார்த்துக்கொள்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல அவர்களிலேயே ஆள் இருக்கிறார்கள்.

டேட்டா எங்கே போகிறது என்று பார்ப்போம். தைப்பூசக் காவடியை ஒரு தம்பி போனில் எடுக்கிறான். அதைப் பெரிய டிவியில் போடவேண்டும். டிவியோடு இணைந்திருப்பது பிளேஸ்டேஷன் 4. அதில் யூடியூப் செயலி இருக்கிறது. ஆகவே அவன் மண்டபத்து வைஃபையிலேயே அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றுகிறான், பிறகு பிளேஸ்டேஷனில் திறந்து ஓடவிடுகிறான். யாராவது ஒரு ஆயா "என் பேரன் பால்குடம் எடுத்ததை இன்னொரு தடவை போடு" என்கிறார். மறுபடி ஓடுகிறது, மறுபடி டேட்டா இறங்குகிறது. அடுத்த தெருவிலிருக்கும் அத்தைக்கு முறுக்கு கொடுத்தனுப்ப, அதை ஜோகன்னஸ்பர்க் போய்வரும் பஸ்ஸில் ஏற்றிவிட்ட கதைதான் இது.

காசுக் கணக்கும் போட்டுவிடுவோம். சாதாரணமாக எச்.டி.யில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் எடுக்கும் போன் வீடியோ நிமிடத்துக்கு 130 எம்.பி. அளவில் வரும். பத்து நிமிடக் காவடி என்றால் 1.3 ஜி.பி. ஏற்றுவதற்கு மட்டும் அவ்வளவு. மொபைல் டேட்டாவின் விலை பற்றி 2019 டிசம்பரில் நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் அறிக்கை வெளியிட்டது. அதற்கு அப்புறம்தான் பெரிய நிறுவனம் ஒன்று 2020 ஏப்ரலில் 149 ராண்டாக இருந்த 1 ஜி.பி.யை 99 ராண்டுக்குக் குறைத்தது. குறைந்த அந்த விலையில் பார்த்தாலும் ஒரு காவடிக்கு ஏறக்குறைய 130 ராண்ட் ஆகிறது. மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் மலிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் செலவில் ஒரு சென்ட் கூடத் தேவையில்லை.

ஏனென்றால் ரவுட்டர் இரண்டு வேலை பார்க்கிறது. மண்டபத்திலுள்ள கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்துவைப்பது ஒன்று, அவற்றை வெளியுலகத்தோடு இணைப்பது இன்னொன்று. பணம் பிடுங்குவது இரண்டாவது வேலை மட்டும்தான். தமிழ்ப் பள்ளி அலுவலகத்திலிருக்கும் லேப்டாப்பிலிருந்து கூடத்துப் பிளேஸ்டேஷனுக்கு வைஃபையில் ஒரு வீடியோ போனால் ஒரு எம்.பி. டேட்டாகூடக் குறையாது. ரவுட்டரின் சிம் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாலும் போகும்.

2023-இல் நிலை 6 மின்வெட்டு, அதாவது ஒரு நாளில் பல தடவை மணிக்கணக்கில் மின்சாரம் போவது, அடிக்கடி வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நம் இன்வெர்ட்டரில் டிவியும் ரவுட்டரும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து சிக்னல் செத்துவிடும். யூடியூபை நம்பினால் அன்றைக்கு வெறும் சுழலும் வட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். மண்டபத்துக்குள் ஓடும் வைஃபைக்குக் கோபுரம் தேவையில்லை.

எப்படி என்று செயலாளர் அம்மா கேட்பார். இதற்காகவே டி.எல்.என்.ஏ. என்று ஒரு பொது முறை இருக்கிறது. டிவி, கம்ப்யூட்டர், கேம் கன்சோல் எல்லாம் ஒரே வீட்டு வலையமைப்பில் ஒன்றையொன்று கண்டுபிடித்து, படமும் பாட்டும் கொடுத்து வாங்குவதற்காக 2003-இல் தொடங்கிய கூட்டமைப்பு அது. கூட்டமைப்பை 2017-இல் கலைத்துவிட்டார்கள், முறை உயிரோடு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-இல். அப்போது இந்த வசதி அதில் இல்லை. 2015-இல்தான் மீடியா பிளேயர் என்ற இலவசச் செயலியைக் கொடுத்தார்கள். அதைத் திறந்தால், அதே வைஃபையில் மீடியா சர்வர் (கோப்புகளை மற்றக் கருவிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்) ஓடுகிற கம்ப்யூட்டரின் பெயர் திரையில் வரும். பெயரைத் தேர்ந்தால் அதன் கோப்புறைகள் திறக்கும். அவ்வளவுதான். லேப்டாப் பக்கம் யூனிவர்சல் மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய பிளேஸ்டேஷன் 3-க்காகப் பிறந்த மென்பொருள்தான் வளர்ந்து இப்படி ஆனது. அதில் எனக்குப் பிடித்தது, பிளேஸ்டேஷனுக்குப் புரியாத வகை வீடியோவை ஓடும்போதே மாற்றிக் கொடுத்துவிடும். நம் பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்தவை ஒன்றுக்கொன்று ஒவ்வாத வகைகளில் கிடப்பதால் இது பெரிய உதவி.

ஐபோனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் இடத்தை மிச்சம் பிடிக்க ஹெச்.இ.வி.சி. என்ற முறையில் வீடியோ எடுக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-இன் மீடியா பிளேயருக்கு அது புரியாது. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாடிபிள்' என்பதைத் தேர்ந்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

தலைவர் ஐயா போன மாதம் என்னிடம் ஒன்று கேட்டார். பிளேஸ்டேஷனில் 500 ஜி.பி. இடம் இருக்கிறதே, சங்கத்து வீடியோக்களை எல்லாம் அதிலேயே ஏற்றிவைத்துவிட்டால் என்ன? முடியாது ஐயா. பிளேஸ்டேஷன் 4 லேப்டாப்பிலிருக்கும் வீடியோவை ஓட்டிக் காட்டும், தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொள்ளாது. அதற்கு முந்தைய 3 இப்படி இல்லை. மீடியா சர்வரிலிருந்து கோப்பைத் தன் ஹார்ட் டிஸ்க்குக்கே நகலெடுத்துக்கொள்ளும். புதிதாக வருவது எல்லாம் முன்னேற்றம்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதிர்த்திசையிலும் இதே கதை. பிள்ளைகள் ஆடியதைப் பிளேஸ்டேஷன் பதிவு செய்துவைக்கிறது, சும்மா விட்டால் கடைசி 15 நிமிடம். அதை லேப்டாப்புக்கு வைஃபையில் நேராக அனுப்ப வழி கொடுக்கவில்லை. இணையத்தில் ஏற்று, இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் எடு என்கிறது. டேட்டா தீர்வதில் பிள்ளைகளின் பங்கு என்று ஒன்று உண்டென்றால் இந்த ஏற்றல்தான். அதை பென் டிரைவுக்கு மாற்றச் சொல்லலாம், கேட்பார்கள். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்.டி.எஃப்.எஸ். என்றால் பிளேஸ்டேஷன் திரும்பியே பார்க்காது.

இளைஞர் அணியில் ஒருவன், கன்சோலின் பூட்டை மென்பொருளால் உடைத்துத் திறந்துவிட்டால் எஃப்.டி.பி. என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக எதையும் வைஃபையில் ஏற்றலாம், இறக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வது பொய் இல்லை. இன்று உலகம் முழுக்க ஓடுகிற கோடி (Kodi) என்ற மீடியா மென்பொருளே, உடைத்துத் திறந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் விளையாட்டாகப் பிறந்ததுதான். கோடி என்று பெயர் மாற்றியது 2014-இல்தான். ஆனாலும் சங்கத்துச் சொத்தில் இந்தச் சோதனை வேண்டாம். உடைத்த கன்சோலை இணைய விளையாட்டிலிருந்து தடை செய்துவிடுவார்கள், அப்புறம் பிள்ளைகளே அதைச் சீண்டமாட்டார்கள். அவன் திறமைக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன், கீழே வருகிறது.

இதெல்லாம் இவ்வளவு சுலபமென்றால் ஏன் இதுவரை ஓடவில்லை? முயன்று பார்த்தார்கள், லேப்டாப்பின் பெயர் டிவியில் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு விருந்தினர் வைஃபை போட்டிருக்கிறோம் அல்லவா, பிளேஸ்டேஷன் அதில் இருக்கிறது. அலுவலக லேப்டாப் மெயின் வைஃபையில் இருக்கிறது. விருந்தினர் வைஃபையின் வேலையே அதிலுள்ள கருவிகள் மற்றவற்றைப் பார்க்கவிடாமல் தடுப்பது. வருகிறவர் போகிறவர் அலுவலகக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கக்கூடாதென்று குழு எடுத்த முடிவு அது, நல்ல முடிவு. அதை மாற்றச் சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் ஒன்றை மட்டும் மெயின் வைஃபைக்குக் கொண்டுவர வேண்டும். கடவுச்சொல்லை ஒரு பெரியவர் தன் கையால் அடித்துக் கொடுக்கட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். அதோடு லேப்டாப்பில் அந்த வைஃபையை 'பிரைவேட்' என்று குறித்துவிடவேண்டும். விண்டோஸ் அதை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டால் ஃபயர்வால் மற்றக் கருவிகளுக்குக் கதவைச் சாத்திவிடும்.

இன்னொன்று, சமையலறை மைக்ரோவேவ். நம்முடையது முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4 மாடல், அதற்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை மட்டும்தான் தெரியும். பின்னால் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்களுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸும் தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-இல்தான் வேலை செய்கிறது. அன்னதானத்தன்று உள்ளே பீன்ஸ் கறி சூடானால் வெளியே வீடியோ திக்கித் திக்கி ஓடும். ரவுட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து எடுத்துக் கூடத்துப் பக்கம் வைத்தால் போதும்.

இவ்வளவு எழுதுவது ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை நினைத்து ஒவ்வொரு நவம்பரிலும் கூடுகிறோம். மேடைப் பேச்சு தொடங்கியதும் பிள்ளைகள் வெளியே நழுவிவிடுகிறார்கள். லேப்டாப்பில் பழைய தீமிதி இருக்கிறது, தெருக்கூத்து இருக்கிறது, இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்கள் ஆடுகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஈரம் ஏறிப் போன கேசட்டுகளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். தங்கள் கையிலிருக்கும் கன்ட்ரோலரால் பிள்ளைகளே அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் நழுவமாட்டார்கள் என்பது என் கணிப்பு. அந்த எஃப்.டி.பி. தம்பியிடம் கோப்புகளுக்கு ஆண்டும் ஊரும் ஆளும் பார்த்துப் பெயர் வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இப்போது பாதிக் கோப்புகள் 'வீடியோ 1', 'வீடியோ 1 புதியது' என்று கிடக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள்: தீர்மானத்தை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். யூடியூபில் ஏற்றுவதை மண்டபத்து வைஃபையில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மாத டாப்-அப் ரசீதுகளைப் பொருளாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். செலவு இறங்கவில்லையென்றால் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் இளைஞர் அணித் தலைவர் வீட்டில் இறக்கிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை பூசைக்கு அப்புறம் வந்து எல்லாவற்றையும் அமைத்துத் தருகிறேன். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதென்று மட்டும் அதற்குள் கண்டுபிடித்து வையுங்கள். பழைய செயலாளர் எழுதிவைத்த நோட்டில் இருப்பது வேலை செய்யவில்லை.

அன்புடன்,
மண்டபத்து மைக் செட்காரன்