யாரும்மா இதைப் பேசுறாங்க?

அடியே வாயாடி,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் மூட்டுவலியைத் தவிர. தீபாவளிக்கு நீ அனுப்பிய படங்கள் வந்தன, பதில் போடவில்லை, திட்டு. திட்டி முடித்தாயா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வருகிறது. உன் மகள் பள்ளிக்கூடத்தில் ராசீனின் பழைய ஃப்ரெஞ்சு நாடகம் வாசிக்கிறாள், அதில் சுப்ஜோன்க்திஃப் ஆம்பர்ஃபே என்று, விருப்பம், பயம் மாதிரியானவற்றுக்குப் பின்னால் இறந்தகாலத்தில் வரும் வினை வடிவம் ஒன்று வருகிறது, "யாரும்மா இதைப் பேசுறாங்க, செத்துப்போனவங்களா?" என்று கேட்கிறாள், லியோனில் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்தும் நீ "பாண்டிச்சேரி ஆன்ட்டியைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறாய்! நமக்கு ஃப்ரெஞ்சு எடுத்த கண்ணாடி மேடம் கேட்டிருந்தால் அந்த பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்தே வந்திருப்பார். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் கம்மல் டிசைன் வரைந்துகொண்டிருந்தவள்தானே நீ.

முதலில் பயத்தைப் போக்கு. இதை உருவாக்குவதைவிட எளிதான வேலை ஃப்ரெஞ்சில் கிடையாது. பாஸே சேம்ப்ல், அதாவது புத்தகங்களில் வரும் இறந்தகாலம், தெரிந்தால் போதும். அதில் 'து' (நீ) போட்டு வருகிற வடிவத்தை எடு. பார்லே (பேசுவது) என்ற வினைக்கு 'து பார்லா', எழுத்தில் கடைசியில் ஓர் எஸ் இருக்கும், வாயில் வராது. அதோடு இன்னோர் எஸ்ஸும் ஈயும் சேர்த்தால் 'பார்லஸ்', 'நான்' என்பதற்கான வடிவம். அப்படியே போனால் நூவுக்கு (நாம்) 'பார்லஸ்யோன்', வூவுக்கு (நீங்கள்) 'பார்லஸ்யே'. ஃபினீருக்கு (முடிப்பது) 'ஃபினிஸ்', வுல்வாருக்கு (விரும்புவது) 'வுலுஸ்', வெனீருக்கு (வருவது) 'வேன்ஸ்'. எத்ர் (இருப்பது), அவ்வார் (வைத்திருப்பது) மாதிரி மற்ற இடங்களில் உயிரை வாங்குகிற வினைகள்கூட இங்கே ஒழுங்காக வரிசையில் நிற்கும். 'அவன், அவள்' மட்டும் வேறு வழி: இரட்டை எஸ் போய்விடும், உயிரெழுத்தின் தலையில் தொப்பி (^), கடைசியில் ஒரு டி. பார்லா, ஃபினி, வுலு. காதுக்கு எல்லாம் பாஸே சேம்ப்ல் போலவேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தொப்பி தெரியும். தொப்பி போட்டுக்கொள்ள மறுக்கும் வினை ஒன்று உண்டு, 'அயீர்', வெறுப்பது. அதன் ஐ தலையில் ஏற்கெனவே இரண்டு புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றன, தொப்பிக்கு இடமில்லை. வெறுப்புக்கு ஏற்ற பிடிவாதம்தான்.

அந்தத் தொப்பி அலங்காரத்துக்கு வந்ததில்லை என்று அவளிடம் சொல். லத்தீனில் 'அமாவிஸ்ஸெத்' என்று இருந்தது தேய்ந்து தேய்ந்து 'அமஸ்த்' ஆகி, அந்த எஸ்ஸும் வாயில் வராமல் போக, எழுத்தில் மட்டும் வெகுகாலம் இழுத்துக்கொண்டிருந்தது. 1740இல் ஃப்ரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பில் இப்படிப்பட்ட ஊமை எஸ்களை எடுத்துவிட்டுப் பல இடங்களில் தொப்பி வைத்தது. 1990 எழுத்துச் சீர்திருத்தத்தில் ஐ மேலும் யு மேலும் உள்ள தொப்பிகளில் நிறையக் கழன்றுவிட்டன, ஆகஸ்ட் மாதத்தின் தொப்பியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்த வினை விகுதிகளைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எது என்ன காலம் என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இப்போது அவள் கேள்விக்கே வருகிறேன். யார் பேசுகிறார்கள்? யாரும் பேசுவதில்லை. பாஸே சேம்ப்ல் பேச்சிலிருந்து போன வண்டியிலேயே இதுவும் ஏறிப் போய்விட்டது. போதாததற்கு அந்த 'அஸ்' சத்தம் வேறு. ஃப்ரெஞ்சில் ஒன்றை மட்டமாகச் சொல்ல ஒட்டுவதும் அதே 'அஸ்'தான், சப்பென்று இருப்பதை 'ஃபாதஸ்' என்கிறார்களே. அதனால் ஒருவர் முகத்துக்கு நேரே 'பார்லஸ்யே' என்று மரியாதையாகச் சொன்னாலும் கேலி மாதிரி கேட்கும். 'நான் அறிய' என்று சொல்ல வந்து 'ஸ்யுஸ்' என்றால் 'நான் சூப்ப' என்று காதில் விழுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் வகுப்பில் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார், நாம் என்ன ஆனோம் என்பதும் ஞாபகம் இருக்கும்.

அரசாங்கமும் கைகழுவியாயிற்று. முன் வாக்கியத்தில் கோந்திஸியோனெல் (நிபந்தனை வடிவம்) இருந்தால் ஆம்பர்ஃபேக்குப் பதில் சாதாரண (நிகழ்கால) சுப்ஜோன்க்திஃப் எழுதினாலும் தேர்வில் தப்பில்லை என்று 1901லேயே ஆணை போட்டுவிட்டார்கள். முன்னால் இறந்தகாலம் வந்தாலும் அப்படியே எழுதலாம் என்பது 1976 ஆணையில் வந்தது. ஆக, 'அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்' என்பதற்கு 'வேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வியென்' என்று எழுதினால் எந்த வாத்தியாரும் மார்க் குறைக்கக் கூடாது. அப்படியானால் எதற்குடி படிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். என் டியூஷன் பையன் ஒருவனுடைய அம்மாவும் அதையேதான் கேட்டார், அதுவும் வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே. "வேலைக்குப் போற இடத்துல இது வருமா?" வராதுங்க என்றேன். அடுத்த வாரத்திலிருந்து பையனைக் காணோம்.

உனக்கு நிஜமாகவே சொல்ல விரும்புவது இதுதான். உன் மகள் வாசிப்பது 'ஆந்த்ரோமாக்' என்றால், முதல் அங்கம் நான்காவது காட்சிக்குப் போகச் சொல். திராய் நகரம் விழுந்துவிட்டது, ஹெக்டரின் மனைவி ஆந்த்ரோமாக் கைதியாக இருக்கிறாள், அவளுடைய குழந்தையைக் கொல்லக் கொடு என்று கிரேக்கர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவள் தன்னைக் கைதியாக வைத்திருக்கும் மன்னன் பிர்ரூஸிடம் சொல்கிறாள்: என் மகன் ஒரு நாள் தன் அப்பாவுக்காகப் பழிவாங்குவான் என்று யாரும் பயப்படவில்லை, தன் அம்மாவின் கண்ணீரைத் துடைப்பானே என்றுதான் பயப்படுகிறார்கள். இரண்டு வரியிலும் 'பயப்படுகிறார்கள்' ஒரே சொல், ஒரே நிகழ்காலம். இலக்கணப்படி இரண்டு வரியிலும் சாதாரண சுப்ஜோன்க்திஃப்தான் வரவேண்டும். பழிவாங்குவதற்கு அப்படியே 'வான்ஜ்' என்று எழுதுகிறார் ராசீன். கண்ணீர் துடைப்பதற்கு மட்டும் திடீரென்று 'எஸ்ஸுய்யா', தொப்பி வைத்து.

பிழையா? இலக்கணக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்: 'அவன் உயிரோடு விடப்பட்டால்'. அதற்கு அடுத்த வரியைப் பார், எனக்குத் தகப்பனாகவும் கணவனாகவும் அவன் இருந்திருப்பான் என்கிறாள். இருந்திருப்பான்! குழந்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதே அரண்மனையில். தாயின் வினைச்சொல் மட்டும் அதற்குள் நம்பிக்கையை விட்டுவிட்டது. பழிவாங்குவது கிரேக்கர்களின் கணக்கு, அதை அவர்கள் மொழியிலேயே சொல்லிவிடுகிறாள். கண்ணீர் துடைப்பது அவளுடையது, அங்கேதான் காலம் சரிகிறது. 1667இல் மேடையேறிய நாடகம். காதால் கேட்டால் 'எஸ்ஸுய்' என்பதற்கும் 'எஸ்ஸுய்யா' என்பதற்கும் கடைசியில் ஓர் ஆ மட்டும்தான் கூடுதல். இதை முதலில் வாசித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்பு. நீ சிரிப்பாய், சிரி.

இது புரிய உன் மகள் பார்லஸ்யோன் பார்லஸ்யே என்று முழுசாக ஒப்பிக்கத் தேவையே இல்லை. அவன்-அவள் வடிவம் கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும், புத்தகங்களில் உயிரோடு இருப்பதும் பெரும்பாலும் அதுதான். அதிலும் எத்ருக்கான 'ஃப்யூ', அவ்வாருக்கான 'யூ' இரண்டும்தான் அடிக்கடி வரும்.

அவள் தானாக எழுதும்போது ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதை: 'ஃப்யூ' என்பதற்குத் தொப்பி போடவா வேண்டாமா. வாக்கியத்தை நிகழ்காலத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல். 'சுவா' (எத்ரின் சுப்ஜோன்க்திஃப்) வந்தால் தொப்பி, 'ஏ' (அதன் சாதாரண நிகழ்காலம்) வந்தால் தொப்பி இல்லை. 'பியேன் க' (இருந்தபோதிலும்), 'அவான் க' (முன்பு) பின்னால் சுவாதான் வரும், தொப்பி. 'அப்ரே க' (பிறகு) பின்னால், நடந்து முடிந்த விஷயம் என்பதால், சரியான இலக்கணத்தில் சுப்ஜோன்க்திஃபே வராது, அதனால் தொப்பியும் கிடையாது. படித்தவர்களே இதில் தொப்பி வைத்துவிடுகிறார்கள், பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது கை. வயசாகிறது.

மற்றபடி செய்தி: கூபேர் மார்க்கெட் பக்கம் போனேன், உன் மீன்காரம்மா உன்னை விசாரித்தார், "அந்த பேரம் பேசுற பொண்ணு" என்றுதான். நெட்டை ரிட்டையர் ஆகிவிட்டான், இப்போது காலையும் மாலையும் பீச் ரோடில் நடந்து எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறான். ஸ்கூட்டர் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை அவன், உன் பெயரை எடுத்தாலே முகம் சிவக்கிறது.

ஒல்லியின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை உனக்கு வந்திருக்கும். டிக்கெட் போட்டுவிட்டாயா இல்லையா என்று மட்டும் சொல், மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும். மகளையும் கூட்டி வா. அந்த இரண்டு வரியை அவள் வாயால் கேட்க வேண்டும் எனக்கு, லியோன் உச்சரிப்பில்.

உன்,
கொக்கு