அட்டைப்பெட்டியில் இருந்த சின்னான் குஞ்சு

அன்பு மகளுக்கு,

உனக்கு 7 வயது இருக்கும்போது மரத்தடியில் கிடந்த ஒரு சின்னான் குஞ்சை, அதான் கொண்டைக்குருவிக் குஞ்சை, கையில் ஏந்தி வந்தாய். அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்து, பாலில் ஊறிய ரொட்டியை ஊட்டச் சொன்னது நான்தான். மறுநாள் அது செத்துக் கிடந்தது. நீ அழுதாய், "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்றேன். அது உண்மையல்ல. வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குத் தொண்டு செய்யப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

பறவைக்குப் பால் செரிக்காது. நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுத்துளை இருப்பதால், நாம் சொட்டிய தண்ணீரும் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். இங்கே இறகு முளைக்காத குஞ்சுகளை முதலில் கதகதப்பாக்கி, அதன் பிறகே இரை கொடுக்கிறோம். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, அரைமணிக்கு ஒருமுறையாவது. கூட்டை விரலால் லேசாகத் தட்டினால் தாய் வந்துவிட்டாள் என்று அத்தனை வாய்களும் திறக்கும். விழுங்கியதும் திரும்பி, மெல்லிய சவ்வுப்பையில் பொதிந்த எச்சத்தைத் தள்ளும். தாய் அலகால் எடுப்பதை நாங்கள் இடுக்கியால் எடுக்கிறோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. உன் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது, வால் மட்டும் குட்டை. அது அநாதையல்ல, பறக்கப் பழகக் கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. அந்தப் பருவத்தில் தாயும் தந்தையும் அருகிலிருந்தே இரை கொடுக்கும். அன்று மரத்தில் இரண்டு சின்னான்கள் விடாமல் கத்தின, கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு நாம் விலகியிருக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று உன்னிடம் சொன்னதும் தவறு. என்னை மன்னித்துவிடு.

இங்கே குஞ்சுகளிடம் நாங்கள் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிகக் கடினம். மனிதரோடு ஒட்டிக்கொண்ட பறவை வெளியே பிழைப்பது அரிது. பாட்டையும் அது தன் இனத்துப் பெரிய பறவைகளிடம் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஒரு குண்டுக் கரிச்சான் குஞ்சு இப்போது பெரிய கூண்டுக்கு மாறியிருக்கிறது. வெளியே பாடும் ஆண் கரிச்சான் நிறுத்தியதும், இது தொண்டைக்குள் எதையோ முணுமுணுக்கிறது. இன்னும் பாட்டாகவில்லை. தானே இரை பிடிக்கத் தேறிவிட்டால் அடுத்த வாரம் கூண்டைத் திறப்போம். அதற்கு முன் ஒரு நாள் விடியலில் உன்னைப் போனில் அழைக்கிறேன். எடு, எதுவும் பேசாமல் கேள்.

உன் அம்மா