தேங்காய் துருவ ஓர் இடம்

எங்கள் கோவில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். காவடி விரதத்தின் மூன்றாம் நாள் மாலை என் தம்பியைச் சமையல்கட்டிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். விடிகாலை மெத்தடோன் மருந்து வாங்குகிற வரிசையில் அவனை யாரோ பார்த்திருக்கிறார்கள். "போதை மருந்து குடிக்கிறவன் கை பட்டது சாமிக்கு ஆகாது" என்றார் உங்களில் ஒருவர்.

அது ஹெராயினை விடுகிறவர்களுக்கான வைத்தியம், ஐயா. 2006 முதல் மொரீசியஸில் கொடுத்து வருகிறார்கள். ஒரு தடவை குடித்தால் ஒரு நாளைக்கு உடம்பு நடுங்காது, ஏக்கமும் குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. நாலரை மணிக்கு வேலை விட்டு வருகிறவன் இருட்டும்வரை எங்கே போவான் என்பதற்கு அதில் மருந்து இல்லை.

தெருமுனைக் கடை வாசலில் பழைய கூட்டாளிகள் நிற்கிறார்கள். எங்கள் தெருவில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். ஹெராயினை விட்டவனுக்கு உடம்பு வலி பத்து நாளில் அடங்கிவிடும். ஏக்கம் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும். தெரிந்த முகம், லைட்டர் தட்டுகிற சத்தம் போதும், எழுந்துகொள்ளும். இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் விழுந்தது அந்த வாசலில்தான். இந்த முறை பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தான். மாலையில் போக உங்கள் சமையல்கட்டு இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவன் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பேசவில்லை. இரண்டு நாளாக மெத்தடோன் வரிசைக்கும் போக மாட்டேன் என்கிறான், வெட்கமாம். மருந்தை நிறுத்தினால் ஹெராயின் பொடிதான் கூப்பிடும். இடைவெளி விட்ட உடம்பு முன்பு தாங்கிய அளவைத் தாங்காது, மூச்சே நின்றுவிடும். அதனால்தான் கேட்கிறேன், அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரதம் முடிந்த மறுநாளே ரம் போத்தல் திறக்கிற பெரியவர்கள் பேரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் கை பட்டது சாமிக்கு ஆகிறது. சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். கோபத்தில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

காவடிக்கு இன்னும் ஐந்து நாள். ஏழு கறிக்குத் தேங்காய் துருவ ஆள் போதவில்லை என்று நீங்களே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால் வரமாட்டான். அனுப்பியவர்கள்தான் வந்து கூப்பிட வேண்டும்.

பணிவுடன்,
அவன் அக்கா