‘தலைக்கனம் குறைய வேண்டும்’: தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிசிலும் அதன் புறநகர்களிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வாரம் முழுவதும் வேலைக்குப் போய்விட்டு, கிடைக்கும் ஒரு சனிக்கிழமையையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். என் மகள் இன்று தமிழில் தடையில்லாமல் படிக்கிறாள் என்றால் அது உங்களால்தான். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற பருவத்தில் ஒருநாள் ஔவையார் பாடம் நடந்திருக்கிறது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையே ஆத்திசூடியும் பாடினார் என்று பலகையில் எழுதப்பட்டது. இவள் கையை உயர்த்தி, “சங்ககால ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் வேறு வேறு ஆட்கள். இடையில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன” என்றாள். தாத்தாவின் அலமாரியில் இருந்த ஒரு பழைய இலக்கிய வரலாற்று நூலில் அவள் படித்தது அது. சரியான தகவல். எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இருக்கச் சொன்னார்கள்.

பருவ முடிவில் தேர்ச்சி அறிக்கை வந்தது. “கெட்டிக்காரி. ஆனால் தலைக்கனம் குறைய வேண்டும்.” அதே வகுப்பில், பலகையில் இருந்த எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிய பையனின் அறிக்கையில் “துணிவாகப் பேசுகிறான்” என்று இருந்தது. அவன் அம்மாவே மகிழ்ச்சியோடு என்னிடம் காட்டினார். அடுத்த சனிக்கிழமை என் மகள் கடைசி வாங்கில் போய் இருந்தாள். அன்றிலிருந்து அவள் கை உயரவில்லை.

அந்த ஆசிரியரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்திலும் இதே வாக்கியத்தை வாங்கியிருக்கிறேன். பல தலைமுறைகளாகப் பெண்பிள்ளைகளின் அறிக்கைகளில் ஏறி வரும் வாக்கியம் இது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். நாம் வாழும் இதே பாரிசில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன், இதே சொல்லை வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

கிறிஸ்தீன் த பிஸான் 1364இல் வெனிஸ் நகரில் பிறந்தவர். தந்தை மருத்துவர், சோதிடர், பொலோஞ்ஞாவில் கற்றவர். பிரெஞ்சு அரசர் ஐந்தாம் சார்ல் அழைத்ததால் பாரிசுக்கு வந்தார். அப்போது கிறிஸ்தீனுக்கு நான்கு வயது. அப்பாவின் வேலைக்காகக் குடிபெயர்ந்த குடும்பம், வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்தை மகளுக்குக் கல்வி தர விரும்பினார். தாயோ நூல் நூற்கக் கற்றால் போதும் என்றார். கிறிஸ்தீனே இதைப் பின்னாளில் எழுதினார்.

பதினைந்து வயதில் திருமணம். கணவர் எத்தியேன் து காஸ்தெல் அரசவைச் செயலர். பத்தே ஆண்டுகளில் அரசர் இல்லை, தந்தை இல்லை, கணவரும் இல்லை. கணவர் இறந்தபோது இவருக்கு இருபத்தைந்து வயது. மூன்று பிள்ளைகளும் தாயும் மருமகள் முறையான ஓர் உறவுப் பெண்ணும் இவர் கையை எதிர்பார்த்து இருந்தார்கள். கணவருக்கு வரவேண்டிய பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார். கப்பலைச் செலுத்த ஆள் இல்லாததால் விதி தன்னை ஆணாக மாற்றிவிட்டது என்று பின்னர் எழுதினார். அவர் செலுத்திய துடுப்பு பேனா. கவிதை எழுதினார், பிரதிகள் எடுக்க ஏற்பாடு செய்தார், அரசர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கொடுத்துப் பரிசில் பெற்றுக் குடும்பத்தை நடத்தினார்.

1401இல் அந்தச் சொல் வந்தது. அக்காலத்தில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய நெடுங்கவிதை ஒன்று, பெண்களை இழித்துப் பேசியது. ழான் த மோந்த்ரேய் என்ற அரசவைச் செயலர் அதைப் புகழ்ந்து எழுதினார். கிறிஸ்தீன் மறுத்து எழுதினார். உடனே கோந்தியே கோல் என்ற இன்னொரு செயலர், ஒரு பெண்ணுக்கு இத்தனை அகந்தையா, எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று மடல் அனுப்பினார். அவருடைய சகோதரர், நோத்ர்தாம் பேராலயக் குரு பியேர் கோல், பின்னர் 1402இல் ஒரு காக்கைக் கதையை எடுத்து வீசினார். பாட்டைப் புகழ்ந்ததும் வழக்கத்தைவிட உரக்கப் பாடப்போய், வாயில் இருந்ததைத் தவறவிட்ட காகம் போல் ஆகிவிடாதே என்றார். பாட்டி வடை சுட்ட கதையில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே காகம்தான்.

கிறிஸ்தீன் திரும்பப் பெறவில்லை. சிறு கத்தியின் முனை பெரிய ஊதிய மூட்டையைக் குத்திவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கோந்தியேக்குப் பதில் எழுதினார். அதோடு நிற்காமல், 1402 பெப்ரவரியில் அதுவரை வந்துபோன மடல்களைத் தொகுத்து அரசி இசபோவிடம் கொடுத்தார். அறைக்குள் அடக்கிவிட நினைத்த வழக்கை ஊரறிய வைத்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ழான் ழெர்சோன் அந்த விவாதத்தில் இவர் பக்கம் நின்றார்.

இவரைப் பற்றிப் பேசும் சிலர், பாவம், அடக்கமான பெண்தான், வீண்பழி சுமத்தினார்கள் என்று வாதாடுவார்கள். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. கிறிஸ்தீனுக்குச் செருக்கு இருந்தது. தம்மை அறியாப் பெண் என்று மடலின் தொடக்கத்தில் எழுதுவார். அடுத்த பத்தியிலேயே எதிராளியின் வாதத்தைப் பிரித்துப் போடுவார். 1405க்குள் தாம் பதினைந்து பெரிய நூல்கள் எழுதிவிட்டதைக் கணக்கு வைத்துச் சொன்னார். இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி தம் அவைக்கு அழைத்தபோது, அங்கே இருந்த மகன் திரும்பி வரும்வரை நயமாகப் பேசி, நூல்களை அனுப்பிவைத்து, பிறகு போகாமலே இருந்துவிட்டார். 1410இல் போர்க்கலை பற்றி நூல் எழுதத் துணிந்து, அதன் தொடக்கத்தில் மினர்வா என்ற ரோமானியப் போர்த் தேவியை விளித்து, உன்னைப் போல் நானும் ஓர் இத்தாலியப் பெண் என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் வாழ்ந்த பிறகு எழுதியது இது. தாம் வந்த ஊரை அவர் மறைக்கவே இல்லை. நூல் நூலாக “நான், கிறிஸ்தீன்” என்று பெயர் சொல்லியே பேசினார்.

அந்தச் செருக்கு இல்லாதிருந்தால் அவர் அந்த நகரத்தைக் கட்டியிருக்க மாட்டார்.

1405 வாக்கில் எழுதி முடித்த ‘மகளிர் மாநகர்’ என்ற நூலில்தான் அந்த நகரம் இருக்கிறது. தொடக்கக் காட்சியை வகுப்பில் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டலாம். புத்தகங்கள் சூழ்ந்த அறையில் கிறிஸ்தீன் இருக்கிறார். களைப்பாற ஒரு சிறு நூலைக் கையில் எடுக்கிறார். அதற்குள் அம்மா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுகிறார். மறுநாள் அதைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் பெண்கள் மீது வசை. இத்தனை அறிஞர்கள் ஒரே குரலில் சொன்னால் உண்மையாகத்தான் இருக்குமோ என்று அவர் மனம் உடைகிறது. கன்னத்தில் கை வைத்து, கண்ணீரோடு குனிந்திருக்கையில் மடியில் ஓர் ஒளிக்கதிர் விழுகிறது. நிமிர்ந்தால், முடி சூடிய மூன்று பெண்கள்: கண்ணாடி ஏந்திய அறிவு, அளவுகோல் ஏந்திய நேர்மை, அளவைக் கலம் ஏந்திய நீதி. எழுந்திரு, நகரம் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

இடம், எழுத்தின் வயல். அங்கே முதலில் மண்வெட்டி எடுத்து அடித்தளம் தோண்ட வேண்டும். அங்கே தோண்டுவது என்றால் வினவுவதுதான். கிறிஸ்தீன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். இந்த அறிஞர் பெண்களை ஏன் இப்படிச் சொன்னார்? அந்தப் புலவர் ஏன் அப்படி எழுதினார்? பெண்களுக்கு அறிவு குறைவு என்பது உண்மையா? கேள்விக்குக் கேள்வி ஒரு கூடை மண் வெளியே போகிறது. பொய்களை அள்ளிக் கொட்டிய பிறகுதான் கல் வைக்க முடியும். ஆசிரியர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். என் மகள் அன்று கையை உயர்த்திக் கேட்டதும் அப்படி ஒரு கூடை மண்தான்.

பிறகு மையைச் சாந்தாகவும் பேனாவைக் கரண்டியாகவும் கொண்டு கற்களை அடுக்குகிறார். ஒவ்வொரு கல்லும் ஒரு பெண்ணின் கதை. பாபிலோனை வலுப்படுத்திய செமிராமிஸ் முதற்கல். கார்த்தேஜ் நகரை நிறுவிய டைடோ வருகிறார், கவிஞர் சாப்போ வருகிறார். பொலோஞ்ஞாவின் சட்டப் பேராசிரியருடைய மகள் நோவெல்லா வருகிறார். தந்தைக்கு வேலை இருக்கும் நாட்களில் அவரே மாணவர்களுக்குப் பாடம் நடத்துவாராம், அழகைப் பார்த்துக் கவனம் சிதறாமல் இருக்க முன்னால் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் அனஸ்தாசியா. ஏட்டுப் பிரதிகளின் ஓரங்களில் கொடியும் பூவும் வரைந்த பாரிஸ் ஓவியர். தமக்கே அவர் வேலை செய்து தந்திருப்பதால் இதை அனுபவத்தில் சொல்வதாகக் கிறிஸ்தீன் எழுதினார். அரசிகளுக்கும் தேவியருக்கும் நடுவே, தம் ஊரில் கூலிக்கு வேலை செய்த ஒரு பெண்ணையும் மதிலில் வைத்தார். அனஸ்தாசியாவின் பெயர் இன்று நமக்குத் தெரிவது அந்தக் கல்லால்தான்.

மகன்களைப் போலவே மகள்களையும் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருந்திருந்தால், அவர்களும் எல்லாக் கலைகளின் நுட்பங்களையும் அதே அளவு கற்றிருப்பார்கள் என்று அந்த நூல் நேராகவே சொல்கிறது.

இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 4431 என்ற சுவடி இருக்கிறது. அரசி இசபோவுக்காகக் கிறிஸ்தீன் தயாரித்துக் கொடுத்தது. அதில் உள்ள ஓர் ஓவியத்தின் இடப்பக்கம், நீல உடையும் வெள்ளைத் தலையணியுமாக அவர் மூன்று தேவியர் முன் நிற்கிறார். வலப்பக்கம் அதே உடையோடு, தேவியரில் ஒருவர் துணை நிற்க, மதில் எழுப்புகிறார். அறிஞர் கொத்தனார் வேலை செய்யும் அந்தப் படத்தை நான் அச்செடுத்து மகளின் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

அந்த நகரத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ஒழுக்கம் என்று அக்காலம் வரையறுத்த கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கே அதன் கதவு திறந்தது. கடைசியில், கொடுமைக்காரக் கணவர் வாய்த்தாலும் பொறுத்துப்போகச் சொல்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளுக்கும் வரட்டும். அவரோடு வாதாடட்டும். அவரை மறுத்துப் பேசும் பிள்ளையை அவர் காகம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஆண்டுகள் போயின. 1488இல் பாரிசில் அவருடைய போர்க்கலை நூலை அச்சிட்டபோது அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். 1894இல் குஸ்தாவ் லான்சோன் தம் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றில், சகிக்க முடியாத எழுத்துப் பெண்களின் பரம்பரைக்கு இவரே முதல்வர் என்ற பொருளில் எழுதினார். கோந்தியே கோலின் மடலுக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். ஏச்சு மட்டும் மாறவில்லை.

2024 ஜூலை 26 அன்று ஒலிம்பிக் தொடக்க விழாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சேன் நதியோரம் பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று கிறிஸ்தீன். அந்தச் சிலைகளுக்கு 18ஆம் வட்டாரத்தின் ரூ த லா ஷப்பல் வீதியில் இடம் தருவதாக நகராட்சி அறிவித்தது. நம் லாச்சப்பல் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வடக்கே நடந்தால், மார்க்ஸ் டோர்முவா நிலையத்தைத் தாண்டி அந்த வீதிக்குப் போய்விடலாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். மேல் வகுப்புகளில் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கிறிஸ்தீனுக்கு ஒதுக்குங்கள். இரண்டு ஔவையாரையும் அவர் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்துங்கள். பிள்ளைகள் தாங்களே ஒரு நகரம் கட்டட்டும். யார் யாரைக் கல்லாக வைப்பார்கள் என்று தமிழில் எழுதட்டும். படங்களையும் குறிப்புகளையும் நான் தயாரித்துத் தருகிறேன், வகுப்புக்கு வந்து உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன். அறிக்கையில் ‘தலைக்கனம்’ என்று எழுதக் கை போகும்போது, அந்தப் பிள்ளை சொன்னது சரியா, பிழையா என்பதை அங்கே எழுதுங்கள். பிழை என்றால் திருத்துங்கள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கிறிஸ்தீன் கடைசியாக எழுதியது 1429 ஜூலை 31 தேதியிட்ட ஒரு கவிதை. பதினொரு ஆண்டுகள் மடத்தின் மதிலுக்குள் இருந்த பிறகு, ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) என்ற இளம்பெண் போரில் வென்றாள் என்ற செய்தி கேட்டு எழுதினார். வயது அறுபத்தைந்து. அந்தக் கவிதையும் “நான், கிறிஸ்தீன்” என்றுதான் தொடங்குகிறது.

ஔவையார் ஒருவரா, பலரா என்ற கேள்விக்கு என் மகளுக்கு இன்னும் விடை சொல்லப்படவில்லை. வரும் சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வருவாள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்