பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் தோழி நேற்றுக் காலை இரயிலில் பினாங்குக்குப் புறப்பட்டுவிட்டாள். அவள் மெல்பர்ன் திரும்பி உன்னிடம் கதை சொல்வதற்கு முன்னால் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"நம் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை அம்மா, ஈப்போவில் குகைக்கோயில்களைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள்" என்று நீ தொலைபேசியில் சொல்லியிருந்தாய். ஈப்போவுக்குப் போனோம், அரை நாளில் முடிந்தது, படங்கள் உனக்கு வந்திருக்கும். மீதி நாட்களெல்லாம் அவளை இங்கேயே நிறுத்திக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

முதல் நாள் காலை, "பசியாறலாம் வா" என்று கூப்பிட்டபோது அவள் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். முசிறிப் பக்கத்தில் தன் பாட்டிகூட இப்போது 'டிபன்' என்றுதான் சொல்கிறாராம். அந்தச் சொல்லைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும், "சரி, காடியில் ஏறு" என்றேனே, அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஊரில் காடி என்றால் ஊறுகாய்க்கு ஊற்றும் புளிப்பு நீராம். வாசலில் நின்ற காரைக் காட்டிய பிறகுதான் சிரித்தாள்.

பட்டணத்தைச் சுற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இருந்தாலும் மகாத்மா காந்தி கலாசாலையின் வாசலில் காடியை நிறுத்தி, இவ்வூரில் 1919-இல் பிறந்து பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் முன்னின்று உருவாக்கிய பள்ளி இது என்று சொன்னேன். சுதந்திரத்திற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளர்கள் வேலையோடு லயத்து வரிசை வீட்டையும் இழந்து தெருவில் நின்ற காலத்தில், அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கியதையும் சொன்னேன். உன் பாட்டி தன் பங்குப் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். நகையைக்கூட அலமாரியில்தான் வைத்திருந்தார்.

எல்பில் தோட்டத்துப் பக்கமும் அழைத்துப்போனேன். 1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில், அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையும் அருகிலிருந்த வேறொரு தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் நாடு முழுவதும் அவசரகாலம் வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது என்றபோது, இந்தச் சிற்றூரிலா என்று கேட்டாள். அவளுக்கு அந்த வரலாற்றைவிட, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக்கூடாது என்று தடை போட்ட செய்திதான் உறைத்தது. விடியுமுன் போய் நண்பகலில் திரும்பும் வரை உன் பாட்டிக்கு வெறும் வயிறு. 'பசியாறுதல்' என்ற சொல்லை அவள் மீண்டும் ஒரு முறை கைப்பேசியில் எடுத்துப் பார்த்ததைக் கவனித்தேன்.

மறுநாள் கோலகங்சார். பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளில் இருபத்திரண்டு 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். எஞ்சியது மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் அந்த ஒரே மரம். நம்மை இந்த மண்ணுக்கு இழுத்துவந்த மரம் என்று நான் கொஞ்சம் பெருமிதத்தோடுதான் காட்டினேன். அவளோ ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா அம்மா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பால் வடியாத மரத்தைப் பார்த்து என்ன செய்வது?

ஆகவே திரும்பும் வழியில், சிறுதோட்டம் வைத்திருக்கும் ஒரு மலாய்ப் பெரியவரிடம் பேசி வைத்துவிட்டு, அடுத்த நாள் இருட்டோடு அவளை எழுப்பி அங்கே கூட்டிப்போனேன். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் நின்றுவிடும். முந்தைய வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடந்த பாலை நூல் போல உரித்தெடுத்துவிட்டு, பெரியவர் கத்தியை இடப்புறம் மேலே வைத்து வலப்புறம் கீழாகச் சரித்து இழுத்தார். பட்டை வெட்டிய நகம்போல் மெல்லியதாகச் சுருண்டு விழுந்தது. கோடு முழுவதும் வெள்ளை முத்துகள் அரும்பி, ஒன்றோடொன்று கூடி, தகரத்தின் வழியே மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டத் தொடங்கின. நான் கத்தியைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன் என் அம்மாவுக்கு உதவிய கைதானே, மறந்திருக்காது என்ற துணிச்சல். அடுத்த மரத்தில் இரண்டு விரல் நீளம் ஒழுங்காகப் போன வெட்டு, பிறகு ஆழமாய் இறங்கி உள்மரத்தில் பட்டுவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி கத்தியை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோராக இருந்தால், மரத்தைக் காயப்படுத்தியதற்கு என் அம்மாவை எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருப்பார். முப்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, ஒரு மரத்தின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, நான் பிறந்த லயத்தைக் காட்டச் சொன்னாள். காட்டுவதற்கு என்ன இருக்கிறது? தோட்டம் கைமாறிய பின் ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை வந்தது; லயங்களை இடித்த நாளில் சாமான்களை எடுத்துக்கொள்ளக்கூடப் போதிய அவகாசம் தரவில்லை. இப்போது அங்கே வேலை செய்பவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். மாரியம்மன் கோயில் மட்டும் பனைகளுக்கு நடுவே நிற்கிறது. கோயிலிலிருந்து எண்ணிப் பார்த்து, "இந்த மாமரத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீடு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அந்த மரத்தோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நம் மாமரம் கோயிலுக்கு மேற்கே இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

சிறுதோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகள் மூன்றை ஆசையாகக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்திரேலியாவில் விதைகளை விடமாட்டார்கள் என்று சொல்லி வாங்கி, உன் அறைச் சன்னலில் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அவள் கையில் வைத்தேன், அலறிவிட்டாள். நீ சிறு வயதில் உன் தம்பிக்குச் செய்ததுதான்.

அவளிடம் முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன், பெரிய மைலோ டின்னில். தீபாவளிக்கு நீ வரும்போது அந்த டின்னை மறக்காமல் கொண்டுவா. மூடி இறுக்கமாகப் பொருந்தும் டின் அது ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா