தையல் வெட்டியாச்சு, காயம் மாறியாச்சா?

ஆசிரியர் ஐயாவுக்கு,

வலது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கொழுப்புக் கட்டி எனக்குப் பல வருடமாக இருந்தது. நோவில்லை, மூட்டை தூக்கும்போது உரசும், அவ்வளவுதான். அது பெருக்கத் தொடங்கியதும் போய்க் காட்டினேன். விறைக்க ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஆறு தையல். அன்றைக்கே ஒரு துண்டைக் கையில் தந்து, 10 நாளில் தையல் வெட்ட வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று எழுத மாட்டேன், டொக்டர் கெட்டிக்காரர், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. என் குறை அந்தத் துண்டில். ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கலும் ஒரு திகதியும் தவிர அதில் ஒன்றுமில்லை. அந்த 10 நாளும் என்ன செய்வது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

வைத்தியசாலை சொல்லாததை எல்லாம் சொல்ல எங்கள் படுவான்கரையில் ஆளுக்குப் பஞ்சமா? வீட்டுக்கு வந்து சாய்மனையில் குப்புறக் கிடக்கவில்லை, பெரியம்மா வந்துவிட்டார். இறால், நண்டு, கணவாய் கிரந்தி, காயத்தைக் கிளறிவிடும் சாப்பாடாம். தக்காளி, அன்னாசி கிரந்தி. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும். தண்ணீர் படவே கூடாது. அடுத்த வீட்டுத் தம்பி ஒரு கப்சூலைக் கொண்டுவந்து, இதை உடைத்துத் தூளைக் காயத்தில் தூவுங்கோ அண்ணன், டக்கெண்டு காயும் என்றான். நானும் தூவினேன், படித்த மனிதன்தான். 10 நாளும் சோறும் பருப்பும், ஒரு கீரைச் சுண்டலும், குளிப்பில்லை. பங்குனி வெயிலில் குளிக்காமல் கடையில் இருந்த எனக்கும் தெரியும், சாமான் வாங்க வந்தவர்களுக்கும் தெரியும்.

பத்தாம் நாள் போய்த் தையல் வெட்டினேன். பதின்மூன்றாம் நாள் லொறியில் அரிசி வந்தது, பையன் வரவில்லை. 25 கிலோப் பைதானே, தையல்தான் வெட்டியாச்சே என்று தோளில் ஏற்றினேன். சட்டையின் தையல் விட்டுப்போனது என்றுதான் முதலில் நினைத்தேன். சூடாக ஏதோ முதுகில் இறங்கியபோதுதான் விட்டது எந்தத் தையல் என்று தெரிந்தது.

திரும்பப் போனால் மறுபடி தைக்கவில்லை. திறந்தபடியே விட்டு, அடியிலிருந்து சதை வளர்ந்து மூடட்டும் என்று மருந்து கட்டினார்கள். அதற்கு ஐந்து கிழமை போனது. கீறல் மாதிரி இருந்திருக்க வேண்டிய தழும்பு இப்போது சுண்டுவிரல் அகலம்.

அக்காவின் மகள் வெளிமாவட்டத்தில் தாதியாக இருக்கிறாள். லீவில் வந்தவள் முதுகைப் பார்த்துவிட்டு, "தையல் வெட்டினா காயம் மாறிட்டெண்டு ஆரு மாமா சொன்ன?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லையே! அவள் சொன்ன கணக்கைக் கேளுங்கள். வெட்டி மூடிய தோலுக்கு முதல் கிழமை முடிவில் பழைய பலத்தில் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான் வருமாம். மூன்று கிழமையில் 20 பங்கு. மூன்று மாதத்தில் 80 பங்கு வரை வரும், அதற்கு மேல் ஆயுளுக்கும் ஏறாது. அப்படியென்றால் நான் பை தூக்கிய அன்றைக்கு அந்த இடம் நேற்று அணைத்த வரம்பு மாதிரி, பார்வைக்குக் கட்டியிருக்கும், தண்ணீர் ஏறினால் போய்விடும். நூலை வெட்டுவது தோல் பலமாகிவிட்டது என்பதால் அல்ல, அதற்கு மேல் வைத்திருந்தால் நூல் போன வழியே பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழும், பூரான் ஓடிய மாதிரி. அதனால்தான் இரத்த ஓட்டம் நல்லாயிருக்கும் முகத்தில் 5 நாளிலேயே வெட்டிவிடுகிறார்கள், கை, உடம்பில் 7 முதல் 10 நாள், காலிலும் மூட்டு மடியும் இடத்திலும் 10 முதல் 14 நாள். பிந்திப் போவதும் பிழை, முந்திப் போய் வெட்டுங்கோ என்று நிற்பதும் பிழை.

குளிப்பும் அப்படித்தான். முதல் 48 மணித்தியாலம் நனையாமல் பார்த்தால் போதும், டொக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கலாம். ஆனால் கிணற்றடியில் வாளியால் ஊற்றுவது வேறு, ஆற்றில் இறங்கி முங்குவது வேறு, தையல் வெட்டிக் காயம் முழுக்க மூடும் வரைக்கும் ஆறும் கடலும் வேண்டாம். கப்சூல் தூள் காயத்தில் கசியும் நீரோடு சேர்ந்து கட்டியாகிவிடுகிறது, அடியில் சீழ் வைத்தாலும் தெரியாது, சிலருக்கு ஒவ்வாமையும் வரும். காயத்தை எவ்வளவு காயவிடுகிறோமோ அவ்வளவு கெதியாக மாறும் என்ற எங்கள் நம்பிக்கையும் பிழைதானாம். 1962இலேயே ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்து காட்டியிருக்கிறார், ஈரம் காக்க மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது என்று.

பெரியம்மாவின் பத்தியத்தைப் பற்றி எழுதினால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் எழுதுகிறேன். புதுத் தோலை உடம்பு புரதத்தில்தான் கட்டுகிறது, மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு எதைக் கொண்டு கட்டுவது? அதோடு விற்றமின் சி வேண்டும். பழைய காலக் கப்பல்காரருக்கு மாதக்கணக்கில் பழமும் மரக்கறியும் இல்லாமல் ஸ்கேர்வி என்ற விற்றமின் சி குறைபாட்டு நோய் வந்தபோது, எப்போதோ மாறிப்போன பழைய காயங்களே திறந்துகொண்டனவாம். நாங்களோ காயத்தோடு வந்தவனுக்குத் தக்காளியையும் அன்னாசியையும் தட்டிவிடுகிறோம். இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துக் கடிக்கும் ஆட்கள் விலக்கத்தான் வேண்டும், அது வேறு கதை. மற்றவர்கள் விலக்க வேண்டியது சுருட்டும் சிகரெட்டும், இரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்துக்குப் போகும் ஒட்சிசனைக் குறைப்பது அதுதான். சீனி வருத்தக்காரர் சீனி அளவைப் பார்க்காமல் காயத்தை மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை.

வெல்லாவெளிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளுக்குப் போட்ட தையலை வெட்ட ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். அங்கே தாதி மிஸ் பார்த்துவிட்டு இது கரையும் நூல், வெட்டத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். முந்தி ஆட்டுக்குடலில் செய்த நூல், இப்போது பெரும்பாலும் செயற்கை இழை, சில கிழமையிலோ சில மாதத்திலோ உடம்பே கரைத்துவிடும். போட்ட அன்றைக்கு இதைச் சொல்ல எத்தனை செக்கன் போயிருக்கும்?

தழும்புக்கு வருகிறேன். என் தழும்பு இரண்டாம் மாதம் சிவந்து தடித்துக் கடித்தது, பயந்துபோனேன். அது மங்கி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூட எடுக்குமாம், அது வரைக்கும் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும், பட்டால் கறுத்துவிடும். காய எல்லைக்குள் தடிக்கும் தழும்பு தானாக இறங்கவும் கூடும். எல்லையைத் தாண்டி வளர்வதுதான் கீலோயிட், கறுத்தத் தோல்காரருக்குத்தான் கூடுதலாக வரும், அதிலும் காதுச்சோணை, நெஞ்சு, தோள் ஆகிய இடங்களில். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவில் வளர்ந்தது. ஓரிடத்தில் கொண்டுபோய் வெட்டிவிட்டார்கள். வெட்டினது மட்டும்தான். திரும்ப வந்தபோது நெல்லிக்காய் அளவு. வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், அதனால் தழும்புக்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி சில கிழமைக்கு ஒருமுறை, சிலிக்கோன் ஜெல் அல்லது தாள், காதென்றால் அழுத்தும் தோடு என்று சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தால் கத்தி வைக்க முன்பே டொக்டரிடம் சொல்ல வேண்டும், அவராகக் கேட்காவிட்டாலும். பாமசியில் விலை கூடின களிம்பாகப் பார்த்து வாங்கிப் பூசியவர்களில் நானும் ஒருவன், போன காசு போனதுதான்.

சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் உங்கள் பத்திரிகையை வாசிப்பார்கள் என்பதால் கேட்கிறேன். தையல் போட்டு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கத் துண்டு வேண்டும். நூல் கரையுமா வெட்ட வேண்டுமா, எந்தத் திகதி, எப்போது குளிக்கலாம், எத்தனை கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. நோவு குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் திகதி வரும் வரை காத்திராமல் அன்றைக்கே வரச் சொல்லி ஒரு வரி. கிட்ட இருக்கும் பிரதேச வைத்தியசாலையிலேயே தையல் வெட்டலாம் என்றால் அதன் பெயர். எழுத்து கொஞ்சம் பெரிதாக, பெரியம்மாவும் வாசிக்கிற அளவில். அச்சுக்கூலிதான் தடை என்றால் சொல்லுங்கள், எங்கள் சந்தியில் கடைக்காரர் நாலு பேர் சேர்ந்து முதல் 1000 தாளுக்குக் காசு தருகிறோம்.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரன் ஒருவன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.