மூத்தோர் உடற்பயிற்சிப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, பாளையங்கோட்டையில் உள்ள நம் சங்கக் கட்டடத்தில், ரப்பர் பட்டையை இழுத்துத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் 3 நாள் காலையில் இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் நடந்து வருகிறது. நாள் தவறாமல் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறோமே, அது போதாதா என்று அப்போது சில அண்ணாச்சிமார் கேட்டார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் வயது ஏற ஏறத் தொடையிலும் தோளிலும் கரைந்துபோகும் தசையை மீட்க நடை மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், கீழே விழாதிருக்க 3 நாளேனும் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

நாற்காலியிலிருந்து 30 வினாடிக்குள் கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை ஒவ்வொருவருக்கும் குறித்து வைக்கிறோம். தொடக்கத்தில் இரு கைப்பிடிகளையும் அழுத்தி, "முருகா" என்று சொல்லித்தான் எழுவார் ஓர் ஆச்சி. அவர் இப்போது கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுகிறார். குறுக்குத்துறைப் படித்துறையில் பேத்தியின் கையைப் பிடிக்காமல் இறங்கி ஏறியதாக அவரே வந்து சொன்னார். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த செய்தி இதுவே.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் வெயில்பட நான் உலர்த்திய பட்டை ஒன்று பயிற்சியின் நடுவே அறுந்து, உறுப்பினர் ஒருவரின் புறங்கை தடித்துப்போனது. வெயிலில் ரப்பர் இற்றுவிடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை; அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுமுதல் பட்டைகளை நிழலில் உலர்த்தி, கீறல் உண்டா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்த பிறகே கொடுக்கிறோம்.

பலர் முதலில் வாங்கிய, இழுக்க எளிதான மஞ்சள் பட்டையிலேயே நின்றுவிட்டது வருத்தம் தருகிறது. அலுப்பில்லாமல் 15 முறை இழுக்க முடிந்தால், மருத்துவரிடம் கேட்டு, இன்னும் இறுக்கமான அடுத்த நிறப் பட்டைக்கு மாற வேண்டும். சுமை கூடாமல் தசை வலுப்பெறாது. இழுக்கும்போது மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், வாய்விட்டு எண்ணும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

காலை வேளையில் வீட்டு வேலையை விட்டு வர முடியாத பெண்களுக்காக மாலை வகுப்பு ஒன்று தொடங்கவும், அதற்குச் சிவப்பு, பச்சைப் பட்டைகள் வாங்கவும் இப்பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.